மனசு கனக்கிற நேரம் எந்தப் பழைய பாட்டைப் போடுறது, எப்பிடிக் கேக்கிறது

மனசு சரியில்லாட்டி பழைய பாட்டு ஒன்டு போட்டுக் கேளுங்க என்டு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா எந்தப் பாட்டு, எந்த ஓடர்ல, கேட்டு முடிஞ்ச பிறகு என்ன செய்றது என்டு யாரும் சொல்றதில்ல. அதனால நிறையப் பேர் யூடியூப்ல 80ஸ் ஹிட்ஸ் என்டு தேடி, கிடைக்கிற மூணு மணித்தியால வீடியோவைப் போட்டுட்டு, கொஞ்ச நேரத்தில ஃபோனைத் தள்ளி வச்சுட்டு, இதெல்லாம் எனக்கு சரிவராது என்டு விட்டுடுறாங்க. சரிவரும். ஆனா பாட்டு பழசா இருந்தா மட்டும் போதாது, அந்தப் பாட்டுக்குள்ள உங்கட ஆக்கள் இருக்கணும். இதை மட்டும் பிடிச்சுக்கொண்டா மிச்சமெல்லாம் லேசு.

பாட்டுக்குள்ள ஆள் இருக்கிறது என்டா என்ன என்டு கேட்டா, கொழும்பில இருக்கிறவங்களுக்கு சூன் பாண் ஓட்டோ ஒன்டே போதும். பின்னேரம் லேனுக்குள்ள அது போட்டுக்கொண்டு வர்ற மியூசிக், பீத்தோவன் 1810ல எழுதின ஃபியூர் எலிஸ் என்கிற பியானோத் துண்டு. ஆனா எங்களுக்கு அது மாலு பணிஸ், கிம்புலா பணிஸ், சில்லறையோட கேட்டுக்கு ஓடுற தம்பி, "சீனி சம்பல் பணிஸ் இருக்கா கேளு" என்டு உள்ளுக்கிருந்து கத்துற அம்மா. ஜெர்மனியில பியானோ கிளாசுக்குப் போய் வளந்த ஒருத்தருக்கு அதே மெட்டில டீச்சர் ஞாபகம் வரும், பணிஸ் வராது. நீங்க தேட வேண்டியது இந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற பாட்டுகளைத்தான், நல்ல பாட்டு என்டு ஊர் சொல்றதை இல்ல.

இது ஏன் வேலை செய்யுது என்டு கொஞ்சம் சொல்லிட்டுப் போறேன், தெரிஞ்சிருந்தா பிறகு சொல்றது விளங்கும். அமெரிக்காவில கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின்ட டேவிஸ் வளாகத்தில பெட்ர் ஜனாட்டா என்கிற ஆய்வாளர் 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டார், ஆக்களை ஸ்கேனருக்குள்ள வச்சு அவங்கட சின்ன வயசுக் காலத்துப் பாட்டுகளைப் போட்டுப் பார்த்தா, நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைப் பகுதி ஒன்டில பாட்டும் சொந்த வாழ்க்கை ஞாபகமும் ஒரே இடத்தில சேருது. அப்புறம் 2011ல கனடாவில மக்கில் பல்கலைக்கழகத்தில வலரி சலிம்பூர், ராபர்ட் சடோரே ஆக்கள் செய்த ஆய்வில, பாட்டில மயிர்க்கூச்செறியிற இடம் வந்த நேரம் மட்டுமில்ல, அது வரப்போகுது என்டு காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்திலயே மூளையில டோபமின் என்கிற, சந்தோச உணர்வோட தொடர்பான ரசாயனம் சுரக்குது என்டு கண்டாங்க. தெரிஞ்ச பாட்டில இந்தக் காத்திருப்பு கூட, ஏனென்டா அடுத்து என்ன வரும் என்டு உங்களுக்கு அச்சொட்டாத் தெரியும். இங்கிலாந்தில சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில கொன்ஸ்டன்டின் செடிகிடீஸ், டிம் வில்ட்ஷட் என்கிற ரெண்டு பேரும் பழைய நினைவு பற்றியே கனகாலமா ஆராய்ச்சி செய்றாங்க, அவங்க சொல்றது எனக்கு மிச்சம் முக்கியமாப் படுது: தனிமையும் மனச்சோர்வும் வர்ற நேரம்தான் பழைய நினைவு கூட வருது, வந்து, நமக்கும் ஆக்கள் இருக்காங்க என்கிற உணர்வைத் திருப்பித் தருது.

1688ல யோஹான்னஸ் ஹோஃபர் என்கிற சுவிஸ்காரர் ஊர் நினைப்பில ஏங்குறதை நோய் என்டுதான் எழுதி வச்சார், பிறகு கனகாலம் டொக்டர்மாரும் அப்பிடித்தான் பார்த்தாங்க. இன்டைக்கும் பழசையே நினைச்சுக்கொண்டு இருக்காத என்டு வீட்டில ஏசுற ஆக்கள் இருக்காங்க. அளவா, முறையா நினைச்சா அது மருந்துதான்.

பாட்டைத் தேடிப் பிடிக்கிற விதம்

ஒரு கொப்பியும் பேனையும் எடுங்க. ஃபோன்ல தொடங்க வேணாம், ஃபோன்ல தொடங்கினா அது மற்றவங்க கேக்கிறதைத்தான் உங்களுக்குக் காட்டும். பாட்டுப் பேரையும் யோசிக்க வேணாம், இடத்தை யோசிங்க. இருந்த முதல் வீட்டுக் குசினி, ஸ்கூல் வேன், டியூஷன் கிளாசுக்குப் பக்கத்தில இருந்த கடை, புறக்கோட்டையில மாமாட கடை, ஆடிவேலுக்கு காலி வீதியில கட்டின லவுட்ஸ்பீக்கர், அக்காட சாமத்திய வீட்டு வீடியோ. கடைசியா சொன்னதை விட்டுடாதீங்க, அந்த வீடியோவில எடிட் பண்ணினவர் போட்ட பாட்டுகள் சொந்தக்காரர் எல்லாரிட தலையிலயும் இருக்கும், செத்துப்போன பெரியம்மா சிரிச்சுக்கொண்டு ஆலாத்தித் தட்டோட நடந்து வர்ற இடத்தில என்ன பாட்டு போனது என்டு குடும்பத்தில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

தமிழ்ப் பாட்டு மட்டும்தான் என்டும் இல்ல. கொழும்பில வளந்தா உங்கட ஞாபகத்தில சிங்களப் பாட்டும் ஹிந்திப் பாட்டும் கட்டாயம் இருக்கும், நுவரெலியா ட்ரிப் போற பஸ்ல பின் சீட்டில தட்டித் தட்டிப் பாடின பைலா, பிக் மேட்ச்சில கேட்ட பப்பரே, 155 பஸ்ஸில டிரைவர் அலற விட்ட பாட்டு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருவிழாப் பாட்டு எல்லாம் எழுதுங்க. இது என்னத்துக்கு, எங்கட பாட்டு இல்லையே என்டு வெட்டாதீங்க, கூட இருந்த ஆக்கள் உங்கட ஆக்கள்தானே.

எந்த வயசுப் பாட்டு கூட வேலை செய்யும் என்டா, பத்து வயசுக்கும் முப்பது வயசுக்கும் இடையில கேட்டதுதான். மனுசருக்கு அந்தக் காலத்து ஞாபகம்தான் மற்றக் காலத்தை விட அடர்த்தியா இருக்கும். 1989ல ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்கிற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்ததில, ஏறக்குறைய 24 வயசில ஹிட்டா இருந்த பாட்டுகளைத்தான் ஆக்களுக்குக் கூடப் பிடிச்சிருந்தது. அப்ப உங்கட பிறந்த வருசத்தோட 10, 24, 30 என்டு கூட்டிப் பாருங்க, தேட வேண்டிய காலம் கிடைச்சிடும்.

ஐம்பது அறுபது வயசு ஆக்களுக்கு இதில பெரிய உதவி ரேடியோதான். கொழும்பில ரேடியோ 1925 டிசம்பர் 16ல தொடங்கினது, பிறகு வந்த இலங்கை வானொலியின்ட தமிழ் வர்த்தக சேவையை தமிழ்நாட்டுக்காரங்களே காத்திருந்து கேட்டாங்க. பொங்கும் பூம்புனல், நீங்கள் கேட்டவை, பாட்டுக்குப் பாட்டு, இரவின் மடியில், இந்த நிகழ்ச்சிப் பேரைக் கொப்பியில எழுதினாலே போதும், பின்னால பாட்டு தானா வரும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது, இந்த அறிவிப்பாளர்கள்ட குரலும் ஒரு பாட்டு மாதிரித்தான் வேலை செய்யும், அறிவிப்போட சேர்ந்த பழைய ஒலிப்பதிவு கிடைச்சா வெறும் பாட்டை விட அதையே போடுங்க. 90களின்ட கடைசியில வந்த எஃப்எம்மோட வளந்த ஆக்களுக்கு அந்த ஜிங்கிளும் வாழ்த்து நிகழ்ச்சியும் இருக்கு.

இனி கசட் விசயம், இதில நான் கொஞ்சம் கூட நிப்பேன். ரெக்கோடிங் பாருக்கு லிஸ்ட் எழுதிக் கொண்டு போய்க் குடுத்து, 60 நிமிசக் கசட்டோ 90 நிமிசக் கசட்டோ பதிஞ்சு எடுத்த ஆக்களுக்குத் தெரியும், ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின்ட முதல் சத்தம் தலைக்குள்ள தொடங்கிடும், ரெண்டுக்கும் இடையில வர்ற அந்த ஸ்ஸ்ஸ் சத்தம் உட்பட. ஏ பக்கம் முடியிற இடத்தில பாதியில வெட்டுப்பட்ட பாட்டு ஒன்டு இருக்கும், இன்டைக்கு முழுப்பாட்டையும் கேட்டாலும் அந்த இடத்தில மனசு ஒரு தரம் நிக்கும். நான் முந்திச் சொன்ன காத்திருப்பு இதுதான். அதனால பழைய கசட் வீட்டில எங்கயாவது கிடந்தா, அந்த அட்டையில எழுதியிருக்கிற ஓடரை அப்பிடியே மாத்தாம ஃபோன்ல ப்ளேலிஸ்ட்டாப் போடுங்க. அகரவரிசை வேணாம், ஷஃபிள் வேணாம். ரீமிக்சும் வேணாம், சுப்பர் சிங்கர் பிள்ளைகள் பாடினதும் வேணாம், எவ்வளவு நல்லாப் பாடியிருந்தாலும் சரி, நீங்க அன்டைக்குக் கேட்ட அதே பதிவுதான் வேணும். அட்டை இல்லாட்டி அண்ணன் தங்கச்சியைக் கேளுங்க, ஆளுக்கு ரெண்டு பாட்டு ஞாபகம் இருந்தாலும் ஒரு பக்கம் நிறைஞ்சிடும்.

எல்லாத்தையும் வச்சுக்கொள்ள வேணாம்

லிஸ்ட் வந்த பிறகு ஒவ்வொரு பாட்டையும் ஒரு தரம் கேட்டு, பக்கத்தில யார் ஞாபகம் வந்தது என்டு பேரை எழுதுங்க. ஒரு பேரும் வராட்டி அந்தப் பாட்டை வெட்டுங்க, பாட்டு எவ்வளவு திறமா இருந்தாலும். பேர் வந்தா, பாட்டு முடிஞ்சு கொஞ்ச நேரத்தால உங்களை நீங்களே பாருங்க: யாரோடயாவது கதைக்கணும் போல இருக்கா, இல்ல கதவைச் சாத்திட்டுப் படுக்கணும் போல இருக்கா? முதலாவது என்டா வச்சுக்கொள்ளுங்க, கண் கலங்கினாலும் பரவாயில்ல, அப்பாவை நினைச்சு அழுறது வேற, உள்ளுக்குள்ள இறுகுறது வேற. ரெண்டாவது என்டா அந்தப் பாட்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்க.

எங்கட ஆக்களுக்கு இது லேசான வேலை இல்ல, அதையும் சொல்லணும். 1983 ஜூலைக் கலவரத்துக்கு முந்தி வெள்ளவத்தையில, தெமட்டகொடையில கேட்ட பாட்டு சில பேருக்கு வீடு எரிஞ்ச ஞாபகத்தோடதான் வரும். ஆனா கஷ்ட காலத்துப் பாட்டு எல்லாம் கூடாது என்டும் இல்ல. 90களில யாழ்ப்பாணத்தில கரண்ட்டும் இல்ல பெட்டரியும் இல்லாத நேரம், சைக்கிளைக் கவிழ்த்து வச்சு ஒருத்தர் பெடலைக் கையால சுத்த டைனமோவில ரேடியோ பாடினது, சுத்துற ஆள் களைச்சா பாட்டும் இழுபட்டு முனகும், மற்ற ஆள் ஓடிவந்து கை மாத்துவார், அப்பிடிக் கேட்ட ஆக்கள் இன்டைக்கு வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில நிறையப் பேர் இருக்காங்க, அந்தப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டா முகம் மலரும். சவுத்ஹாம்ப்டன்காரங்க கவனிச்சதும் இதுதான், மனசுக்கு இதமான பழைய நினைவுகள் கனக்க கஷ்டத்தில தொடங்கி யாரோ ஒருத்தர் கைகுடுத்ததில முடியிற கதைகள். 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் இருந்த நேரம் மொட்டை மாடியில எல்லாரும் இருந்து அந்தாக்ஷரி பாடின பிள்ளைகளுக்கு இனி பத்து வருசத்தால அந்தப் பாட்டுகள்தான் வேலை செய்யப்போகுது. அதனால, கஷ்டமா இருந்ததா என்டு பார்க்காதீங்க, அந்தக் கஷ்டத்தில பக்கத்தில யார் இருந்தது என்டு பாருங்க.

ஓடர்

மனசு பாரமா இருக்கிற நேரம் துள்ளல் பாட்டைப் போடாதீங்க, எரிச்சல்தான் வரும். இசை சிகிச்சையில ஒரு முறை இருக்கு, 1940களில ஐரா ஆல்ட்ஷுலர் என்கிற அமெரிக்க மனநல மருத்துவர் சொன்னது, முதல்ல இருக்கிற மனநிலைக்குப் பொருந்துற இசையில தொடங்கி, அங்கயிருந்து மெல்ல மெல்ல மாத்திக்கொண்டு போறது. அழுற பிள்ளைக்குப் பக்கத்தில முதல்ல குந்தி இருந்துட்டுப் பிறகுதான் கைபிடிச்சு எழுப்புவோமே, அப்பிடி.

செய்றது இப்பிடி: ஆறு பாட்டு எடுங்க. முதல் ரெண்டும் மெதுவா, ஆறுதலா, உங்கட பாரத்தோட ஒத்துப்போறதா இருக்கட்டும், இரவு ரேடியோவில வர்ற மாதிரிப் பாட்டு. நடுவில ரெண்டும் நடக்கிற வேகத்தில, ட்ரிப்புப் பாட்டோ ஸ்கூல் காலத்துப் பாட்டோ. கடைசி ரெண்டும் கல்யாண வீட்டில, பிக் மேட்ச்சில, பொப்பிசை நிகழ்ச்சியில எல்லாரும் சேர்ந்து பாடினது, கை தானா தட்டுறது. மொத்தம் அரை மணித்தியாலத்துக்குள்ள முடியும், அதுக்கு மேல நீட்ட வேணாம், நீட்டினா பாட்டு பின்னணிச் சத்தமா மாறிடும். கோபத்தில இருக்கிறீங்க என்டா முதல் பாட்டு சத்தமானதா இருக்கலாம், ஓடர் தலைகீழா வரும், சத்தத்தில இருந்து அமைதிக்கு.

கேக்கிற இடம் உங்கட விருப்பம். ஒஃபீஸ் விட்டு 100 பஸ்ஸில காலி வீதி ட்ராஃபிக்கில நிக்கிற அரை மணித்தியாலம் இதுக்கென்டே செய்த மாதிரி, ஜன்னல் சீட் கிடைச்சா இன்னும் நல்லம். மரைன் டிரைவில பின்னேரம் நடந்துகொண்டும் கேக்கலாம், ஆனா ஒரு காதை விட்டு வைங்க, ஓட்டோக்காரங்க பின்னால வருவாங்க, தண்டவாளத்தைக் கடக்கிற நேரம் ஹெட்ஃபோனை கட்டாயம் கழட்டுங்க. வீட்டில என்டா குசினியில சமைச்சுக்கொண்டு, வாய்விட்டுப் பாடிக்கொண்டு கேளுங்க, பாடினா மூச்சு நீளமா வரும், அதுவே உடம்பை இளக்கும். வீடியோவைப் பார்க்காதீங்க. திரையில நடிகர் முகம் வந்தா உங்கட ஆக்கள் முகம் வராது. ஒவ்வொரு பாட்டையும் முழுசாக் கேளுங்க, பல்லவி மட்டும் கேட்டுட்டுத் தள்ளினா சரணத்தில வர வேண்டிய ஆள் வராமலே போய்டுவார்.

பாட்டு முடிஞ்ச கையோட செய்ய வேண்டியது

பாட்டுக்குள்ள வந்த ஆக்களில உயிரோட இருக்கிற ஒருத்தருக்கு அன்டைக்கே வொய்ஸ் மெசேஜ் ஒன்டு போடுங்க. பாட்டு லிங்கை மட்டும் அனுப்பினா வேலைக்காகாது, பார்த்துட்டு ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிடுவாங்க. கேள்வியா அனுப்புங்க. "அக்கா, இந்தப் பாட்டு போற நேரம் கொட்டாஞ்சேனை வீட்டு மாடிப்படியில நாங்க என்ன விளையாடினாங்க?" என்டு கேட்டா அவங்க பதில் சொல்லாம இருக்க மாட்டாங்க, உங்களுக்குத் தெரியாத ஒரு துண்டையும் சேர்த்துச் சொல்லுவாங்க, அந்தத் துண்டுதான் உங்களை அடுத்த ரெண்டு நாளைக்குக் கொண்டுபோகும். எங்கட ஆக்கள் உலகம் முழுக்க இருக்கிறதால நேரத்தையும் பாருங்க, கோடை காலத்தில கொழும்பில இரவு 7.30 என்டா லண்டன்ல பின்னேரம் 3 மணி, டொரோன்டோவில காலமை 10 மணி, குளிர்காலத்தில அங்க ஒரு மணித்தியாலம் குறைவா, 2 மணியும் 9 மணியுமா இருக்கும். அங்க இருக்கிறவங்களுக்குத்தான் இது கூடத் தேவை என்டு நான் நினைக்கிறேன், பனிக்குள்ள தனிய வேலைக்குப் போற ஒருத்தருக்கு கொழும்பில இருந்து தன்ட பேரோட ஒரு பாட்டு வர்றது சின்ன விசயம் இல்ல.

இன்னொன்டு, கிடைச்ச நல்ல பாட்டை அலாமுக்கும் ரிங்டோனுக்கும் வச்சுடாதீங்க. தினம் காலமை அஞ்சரைக்கு உங்களை எழுப்பினா கொஞ்சக் காலத்தில அந்தப் பாட்டுக்குள்ள அம்மம்மா இருக்க மாட்டா, அலாம்தான் இருக்கும். ஒஃபீஸ்ல நாள் முழுக்க ஓட விடுறதும் அப்பிடித்தான், புது ஞாபகம் மேல மேல ஒட்டி பழசை மூடிடும். திறமான அஞ்சாறு பாட்டைத் தேவைக்கென்டு எடுத்து வைங்க.

இது எல்லாருக்கும் எல்லா நேரமும் சரிவராது. ஒரே நினைவைத் திருப்பித் திருப்பிப் போட்டு உழட்டுற பழக்கம் உள்ளவங்களுக்கு பழைய சோகப் பாட்டு குழியை இன்னும் ஆழமாக்கும், அவங்க ஓடரோட மட்டும் கேக்கணும், ஒரே பாட்டை ரிப்பீட்ல விடக்கூடாது. ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்ல, சாப்பாடு இறங்குதில்ல, ஒன்டிலயும் மனசு ஒட்டுதில்ல, உயிரோட இருந்து என்ன என்கிற யோசனை வருது என்டா பாட்டை நம்பிக்கொண்டு இருக்காதீங்க, டொக்டரைப் பாருங்க, தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருக்கு, எடுத்துக் கதைங்க.

வீட்டில மறதி வந்த பெரியவங்க இருந்தா

இதுக்குத்தான் இந்த முறை எல்லாத்தையும் விடக் கூடப் பிரயோசனம். ஜனாட்டா சொன்ன அந்த நெத்திப் பக்க மூளைப் பகுதி அல்சைமர் நோயில கடைசியாப் பாதிக்கப்படுற இடங்களில ஒன்டு, அதனால பிள்ளைட பேர் மறந்த ஆள் பாட்டின்ட சரணத்தை முழுசாப் பாடுறது நடக்கிற விசயம்தான். அவங்க பிறந்த வருசத்தில இருந்து கணக்குப் போடுங்க, 1945ல பிறந்தவங்க என்டா 1955க்கும் 1975க்கும் இடைப்பட்ட பாட்டு, உங்களுக்குப் பிடிச்ச 90கள் பாட்டு அவங்களுக்கு ஒன்டும் செய்யாது. தேவாரமோ, மாதா கோயில் பாட்டோ, கஸீதாவோ, அவங்க சின்னதில பாடிப் பழகினதும் சேருங்க. டீவியை நிப்பாட்டுங்க, ஃபேன் சத்தத்தையும் முடிஞ்சா குறையுங்க, ஃபோனை மேசையில வச்சு மெல்லிய சத்தத்தில போட்டுட்டு பக்கத்தில இருங்க, முன்னுக்கு நின்டு இது என்ன பாட்டு, யார் பாடினது, ஞாபகம் இருக்கா என்டு பரீட்சை வைக்காதீங்க. நீங்க மெதுவாப் பாடத் தொடங்குங்க, ஒரு வரியில நிப்பாட்டுங்க, அவங்க எடுத்துக்கொள்ளுவாங்க. காலையும் விரலையும் பாருங்க, வாய் அசையிறதுக்கு முந்தி அதுதான் அசையும். குளிக்க மாட்டேன் சாப்பிட மாட்டேன் என்டு பிடிவாதம் பிடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முந்திப் போட்டா அந்த வேலையும் லேசாகும். முகம் சுருங்கினா, கையைத் தட்டி விட்டா, உடனே நிப்பாட்டி கொப்பியில அந்தப் பாட்டை வெட்டிட்டு, அடுத்த நாள் வேற ஒன்டைப் போட்டுப் பாருங்க.